இரண்டு குறவை

வீசைக் கணக்கில் மீன் விற்பவன் நான்.
மைதேயி வீட்டுப் பெண்கள் இருவர் வந்தார்கள்,
எடை கேட்கவில்லை.
"செதில் உதிராத குறவை ரெண்டு. ஒரே அளவு.
உயிரோடு."
அமரபுரத்தில் கல்யாணம் என்றால் இப்படித்தான்.

ஒரே வாளியில் விட்டேன்.
விடிவதற்குள் ஒன்று மற்றதன் வாலைக் கடித்திருந்தது.
தனித்தனிச் சட்டிக்கு மாற்றினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

சனாதோம்பி மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றினாள்.
குதிர் போல் விறைத்த பாவாடை;
கால் தெரியவில்லை, நகர்வதுதான் தெரிந்தது.
சுற்றுக்கொரு கை பூ அவன்மேல்.
அவன் சும்மா உட்கார்ந்திருந்தான்.
நான் என் கல்யாணத்தில் அவளை
இழுத்துக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது.

பிறகு குளக்கரை.
இந்த வீட்டுக்கொருத்தி, அந்த வீட்டுக்கொருத்தி,
தண்ணீருக்குள் கை வைத்து
ஒன்றாகத் திறந்தார்கள்.
சேர்ந்து நீந்தினால் சேர்ந்து வாழ்வார்களாம்.

இரண்டும் சேற்றுக்குள் போயின.

பேச்சில்லை. சங்குக்காரர் சங்கை இறக்கினார்.
"பொறுங்க," என்றேன், அரைகுறைப் பர்மியத்தில்.
"குறவைக்குக் காத்து வேணும். மேலே வந்தாகணும்."

வந்தன.
நடுவில் ஒரு முழம்.
பெண்ணின் தாய் குனிந்து பார்த்தாள்,
அது பக்கம்தான் என்று முடிவு செய்தாள்.
சங்கு முழங்கிற்று.

வால் கடிபட்டது எதுவென்று
எனக்கு மட்டும் தெரியும்.
அதுதான் முன்னால் போனது.