மூன்றாம் செவ்வாய்

மாதத்தின் மூன்றாம் செவ்வாயில்
டெஸ்மண்டின் பழைய காரில் நாங்கள் நால்வர்.
கோவென்ட்ரி பேருந்துப் பணிமனையில்
முப்பது வருடம் டிக்கெட் கணக்கு எழுதியவர்கள்.
இப்போது எழுத எதுவும் இல்லை,
லிட்டில் ஹார்க்கம் போகிறோம்.

அங்கே போய் என்ன செய்வீர்கள் என்கிறான் என் மகன்.
சும்மா இருப்போம்.
அதை இங்கேயே இருக்கலாமே?
இங்கே சும்மா இருந்தால்
அதற்குப் பெயர் தனியாக இருப்பது.
அவனிடம் இதைச் சொல்லவில்லை.

சாலை ஒடுங்க ஒடுங்க
வேலிச்செடி காரின் கன்னத்தைக் கீறும்.
எதிரே டிராக்டர் வந்தால்
யார் பின்னால் போவது என்று ஒரு மரியாதைப் போட்டி.
பிறகொரு திருப்பம்.
தேன் நிறக் கல்வீடுகள், வைக்கோல் கூரை,
கூரை முகட்டில் வைக்கோலாலேயே செய்த ஒரு நரி,
குளத்தில் ஏழு வாத்துகள்.
போன மாதம் எட்டு என்பாள் புளோரா.

தேவாலயக் கடிகாரம் பதினொரு நிமிடம் பிந்தி ஓடும்.
அதைச் சரிசெய்யத் திரட்டிய பணத்தில்
வாயிற்கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்கள்.

ஒரு கெண்டித் தேநீரை
வெந்நீர் கேட்டுக் கேட்டு மூன்று மணிவரை நீட்டுவோம்.
கடைப்பெண் இப்போதெல்லாம்
கேட்கும் முன்பே கொண்டுவருகிறாள்,
முகத்தில் மட்டும் சர்க்கரை ஒரு கரண்டி குறைவு.

பிறகு குளக்கரைப் பெஞ்சு.
எதிரே அந்த வீடு.
லேசாகச் சாய்ந்த சுவர்,
வாசலில் சரம் சரமாய்த் தொங்கும் ஊதாப்பூங்கொடி.
ஒன்பது வருடமாகப் பார்க்கிறோம்,
ஆளுக்கு ஓர் அறைகூட ஒதுக்கியாகிவிட்டது.
மேல்மாடி லயனலுக்கு,
முட்டி வலித்தாலும் விட்டுத்தர மாட்டான்.
அடுப்பங்கரை உனக்கு என்றதும்
புளோரா ஒரு வாரம் பேசவில்லை.

மே மாதத்தில் ஒருநாள்
கேமராவோடு வந்த இளம் தம்பதி
எங்களை ஊர்க்காரர்கள் என்று எண்ணி
இந்த வீடு எந்தக் காலத்தது என்றார்கள்.
ஆயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு,
கண் இமைக்காமல் சொன்னாள் புளோரா.
கட்டியவன் கம்பளி வியாபாரி. மூன்று மனைவி.
எங்களையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
எங்கோ ஒரு சுவரில்
நான்கு பேருந்துக் குமாஸ்தாக்கள்
பரம்பரைக் கிராமத்தாராக உட்கார்ந்திருக்கிறோம்.

கால்மணி நேரத்தில் அந்தக் கதவு திறந்தது.
ரப்பர் பூட்ஸ் போட்ட பெண், நாற்பது இருக்கும்,
நேராக எங்களிடம் வந்தாள்.
மாட்டிக்கொண்டோம் என்றான் லயனல்.
உங்களுக்குத் தூக்கத் தெம்பு இருக்கிறதா, என்றாள்.
புது ஃப்ரிட்ஜ்.
லாரிக்காரன் தெருவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் வயதைக் கூட்டினால் இருநூற்று எண்பத்தொன்று.
தூக்கினோம்.
தூக்கினோம் என்பது பெருமைக்கு. தள்ளினோம்.
உத்தரமும் டெஸ்மண்டின் நெற்றியும்
ணங்கென்று அறிமுகமாயின.
உள்ளே நனைந்த நாயின் வாடை.
சுவரில் ஓதம் வரைந்த தேசங்கள்,
படிக்கட்டெங்கும் குழந்தைகளின் சாக்ஸ்,
கட்டாத பில்களின் மேல் பாதி வாழைப்பழம்.
ஜன்னல் மிகச் சிறியது.
அதில் குளம் தெரிந்தது, வாத்துகள் தெரிந்தன,
காலியாக எங்கள் பெஞ்சு தெரிந்தது.

உங்களை எப்போதும் பார்ப்பேன், என்றாள்.
நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான்
குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும் நாள் என்று
எனக்கு ஞாபகம் வரும்.

திரும்பும்போது லயனல் ஓட்டினான்.
டெஸ்மண்டின் நெற்றியில்
அவள் கொடுத்த உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
புதுப்பெட்டி குளிர்வதற்குள்
எப்படியும் உருகப்போவதுதான் என்றிருந்தாள்.
நகரத்து விளக்குகள் தெரியத் தொடங்கியதும்
புளோரா சொன்னாள்:
அந்த மேல்மாடி உனக்கு வேண்டாம் லயனல்,
படி ரொம்பச் செங்குத்து.
யோசிக்கிறேன் என்றான்.
அதற்குள் பட்டாணி இளகி
டெஸ்மண்டின் காலரை நனைத்திருந்தது.
இதை யார் வீட்டில் சமைப்பது என்று
பேச்சு திரும்பியது.