கேட் திறக்கும் வரை

நீடாமங்கலம் கேட் மூடினால்தான்
என் கடைக்குப் பிழைப்பு.
வண்டியை அணைத்துவிட்டு வருகிறவர்கள்
ஆதார் நகல் கேட்பார்கள், பட்டாவுக்கு லேமினேஷன் கேட்பார்கள்.
இளம்பரிதி நூற்றைம்பது சொல் கேட்டான்.

இங்கிலீஷ் பட்டியல் ஏஜெண்ட் கொடுத்தது.
பக்கத்தில் செக் மொழி வேண்டும்.
"பேங்க் செக்கு தெரியும், எண்ணெய்ச் செக்கு தெரியும்,
இது மூணாவது செக்கு, அக்கா."
கார்க் கதவு அடிக்கிற பிரஸ்ஸில் வேலை,
இரண்டு வருஷ ஒப்பந்தம்.

போனில் ஒரு பெண்குரல் சொல்லச் சொல்ல
தமிழ் எழுத்தில் பிடித்துக்கொண்டோம்.

தண்ணீருக்கு வொதா.
"வாடான்னு கூப்பிட்டா வந்துரும்போல."
மேட்டூரைக் கூப்பிட்டுப் பார் என்றேன்.

அப்பாவுக்கு தாத்தா.
சிரித்தான். பிறகு
எட்டு மாதப் பிள்ளைக்காரன்
கொஞ்ச நேரம் எழுதாமல் பேனாவை உருட்டினான்.

ரைஸுக்கு ரீஷெ.
வயலில் நிற்பதா, மூட்டையில் இருப்பதா, தட்டில் ஆவி பறப்பதா?
எல்லாம் ஒன்றேதான்,
இங்கிலீஷ்காரன் செய்ததையே அவர்களும் செய்திருக்கிறார்கள்.
நெல், அரிசி, சோறு என்று
தாளின் ஓரத்தில் மூன்று வரி எழுதினான்,
ஏஜெண்ட் கேட்காத கணக்கில்.

ஹலோவுக்கு அஹோய்.
கப்பல்காரன் கூவுகிற சொல்லாம்.
மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம்,
அந்த நாட்டுக்குக் கடலே இல்லை.

ப்ளீஸுக்கு ப்ரொசீம்.
நம்மிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தோம்.
தயவுசெய்து என்பது போர்டில் மட்டும் வாழ்கிறது.
வெளியே யாரோ, "கொஞ்சம் வண்டிய நகத்துங்க" என்றார்கள்.
கொஞ்சம். அதுதான்.

எஸ்ஸுக்கு அனோ.
அவசரத்தில் முதல் எழுத்து உதிர்ந்து
வெறும் நோ ஆகிவிடுமாம்.
"நோன்னா எஸ்ஸா?"
"ஆமாம்."
"விளங்கிரும்."

பிறகு விரல் வந்தது: ப்ர்ஸ்த்.
கழுத்து: க்ர்க்.
எழுத்துக்கு எழுத்து தலையில் புள்ளி.
உயிர் ஏறாத மெய்யை
எந்த வாயால் சொல்வது?
நாக்கைக் கடித்துக் கடித்துப் பழகினான்
விரல், கழுத்து, விரல், கழுத்து,
பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்பவன்
அவசரத்துக்குச் சொல்லவேண்டியவை.

"இதையும் சேத்துருங்க."
ஏஜெண்ட் அனுப்பிய படம்: மஞ்சள் தகரம், மண்டையோடு,
கீழே இரண்டு சொல்.
இரண்டாவதின் வாலை வெட்டிவிட்டுத் தேடினேன்.
ஸ்ம்ர்த்.
சாவு.
அதிலும் உயிரில்லை.
இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது என்று
நாக்கு நுனி வரை வந்தது.
எதிரே டீ ஆற்றுகிற கையைப் பார்த்துக்கொண்டே
'ஆபத்து' என்று அடித்தேன்.

கேட் திறந்தது.
ஆறு பக்கம், அறுபது ரூபாய்.
மீதிச் சில்லறை வாங்காமல் ஓடினான்,
பின்னால் நின்ற பஸ் ஹாரனில் கத்தியது.

அவன் போய்ப் பதினோராம் நாள்
'வேலைக்குச் சேந்தாச்சா? நல்லாருக்கியா?' என்று அனுப்பினேன்.
இரவு முழுக்க ஒன்றுமில்லை.
காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வந்தது:
'நோ.'

கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில்.
பெட்டி பெட்டியாய் நிலக்கரி போய்க்கொண்டிருக்க
ஷட்டரைப் பாதியில் பிடித்தபடி நின்றேன்,
அந்தச் சொல்லின் முன்னால்
உதிர்ந்துகிடந்த ஓர் அ
கண்ணில் படும் வரை.