மூன்றாவது திருப்பம்

வெள்ளிக்கிழமை மாலை பட்டிமன்றம்.
கல்லூரிக்கு வேண்டியது மைதானமா, நூலகமா?
நான் மைதானத்தின் பக்கம்.
முனிரத்தினம் மேசையைத் தட்டிக் கேட்டான்:
"புறப்பட்ட இடத்துக்கே மூச்சிரைக்க வந்து சேர்வதற்குப் பெயர்
பந்தயமா, மறதியா?"
கைதட்டல் அடங்கக் காத்திருந்து
தோற்றேன்.

சனிக்கிழமை விடியலில்
ஓடத் தெரியாத மன்றச் செயலாளருக்கு
உடற்கல்வி சார் ஒதுக்கிய இடம் பாலாற்றின் நடு.
ஒரு முக்காலி, ஊதா மைத்தட்டு, கல்லூரி முத்திரை.
வருகிறவன் புறங்கையில் ஒரு குத்து.
குத்து இல்லாதவன்
குறுக்கு வழியில் போனவன்.

முத்திரையிலும் வாசல் கல்லிலும் ஒரே ஆண்டு,
ஆயிரத்து எண்ணூற்று...
அதற்கு மேல் கல்லில் சுண்ணாம்பு,
ரப்பரில் தேய்வு.
மிச்ச இரண்டு இலக்கத்துக்காக
பழைய மாணவர் சங்கம் வருஷத்துக்கொரு முறை
பிரியாணிக்கு முன்பு சண்டை போடும்.

ஆறு என்றால் மணல்.
அக்கரையில் மாட்டு வண்டி, சீமைக் கருவேலம்,
சுண்ணாம்புப் பொடியில் போட்ட அம்புக்குறியை
முகர்ந்து பார்க்கும் ஓர் ஆடு.

முதலில் அணைக்கட்டு ஏழுமலை, வெறுங்கால்.
ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவன்போல் கை நீட்டினான்,
குத்து விழுமுன் போய்விட்டான், பாதி முத்திரையோடு.
அடுத்து ஆம்பூர் இம்தியாஸ்,
மணல் ஏறிய ஷூக்கள் கழுத்தில் மாலையாக.
பிறகு வேதியியல் துறை மொத்தமாக.
ஒருவன் குனிந்து கிசுகிசுத்தான்:
"அண்ணா, இன்னொரு கையிலும் போடுங்க,
தயாளனுக்கு வயிறு சரியில்லை."

தாளில் நாற்பத்து மூன்று பெயர்.
நாற்பத்திரண்டு கோடு போட்டாயிற்று.
கோட்டைப் பக்கமிருந்து வெயில் வந்துவிட்டது.
மைத்தட்டு வெடித்து
ஆற்றைப் போலவே ஆகிவிட்டது.

அப்போது
ஓட்டத்துக்கும் நடைக்கும் இடையில் பெயரில்லாத ஒன்றாக
ஓர் உருவம். தொளதொள பனியன்.
முனிரத்தினம்.

"நீயா?"
மூச்சு வருமுன் பதில் வந்தது:
"ஓடி முடித்தால் விடுதியில்
மூன்று மாதம், தினம் இரண்டு முட்டை."
"நேற்றே சொல்லியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்."
"அதனால்தான் சொல்லவில்லை."

ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அம்மாள்
எங்கள் பேச்சு தாங்காமல்
விரல் நுனியால் தட்டில் நாலு சொட்டுத் தெளித்தாள்.
அழுத்தினேன். விழுந்தது,
கத்தரிப்பூ நிறத்தில், பல் முளைக்காத சிரிப்பு அளவுக்கு.
"இவ்வளவுதானா?" என்றான்,
இரவெல்லாம் படித்து முப்பத்தைந்து வாங்கினவன்போல.

"எந்தப் பக்கம்?"
அம்புக்குறியை ஆடு கலைத்திருந்தது.
கைகாட்டினால் போயிருப்பான்தான்.
ஆனால் அவன் கண்ணில் இருந்தது வழி அல்ல, முட்டை.
முக்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
முன்னால் ஓடினேன்.
மணல் பின்னுக்கு இழுத்தது.
காட்பாடிப் பாலத்தில் ஒரு ரயில்
எங்களைக் கவனிக்காமல் போனது.
பாதி வழியில் அவன் என்னைத் தாண்டினான்,
தாண்டும்போது எதையும் மேற்கோள் காட்டவில்லை.

வாசலில் சார் அவன் கையைத் திருப்பிப் பார்த்தார்.
வியர்வை முத்திரையைத் தின்றிருந்தது.
"சாட்சி?"
நான் கை தூக்கினேன்.
விரல், உள்ளங்கை, மணிக்கட்டு வரை
ஊதா.

சார் என் கையைப் பார்த்தார்,
முக்காலியைப் பார்த்தார்,
பேனா மூடியைக் கழற்றி
எதுவும் கேட்காமல் எழுதினார்.

அறிவிப்புப் பலகையில் இன்னும் தொங்குகிறது:
நாற்பத்து மூன்று பேர் ஓடிய பந்தயத்தில்
நான் நாற்பத்து நான்காவது.