சுண்டுவிரல் பருமனில்

மின்கட்டண ரசீது என்று நினைத்து
இரண்டு நாள் பிரிக்காமல் கிடந்தது கடிதம்.
பொதுவெளிக் கலை ஆலோசனைக் குழுவுக்குப்
புதிய உறுப்பினராகத்
திருவாட்டி செங்கமலம் வைரக்கண்ணு அவர்களை
நியமிப்பதில் மகிழ்ச்சி.
பதவிக்காலம் ஈராண்டு. ஊதியம் இல்லை.
போக்குவரத்துச் செலவைக் கோரலாம்.

கலைக்கும் எனக்கும் இருந்த உறவு
ஏழு புகார்க் கடிதங்கள்.
ஏழும் ஒரே சிலையைப் பற்றி.
எங்கள் புளோக்குக்கும் அடுத்த புளோக்குக்கும் நடுவே
புல்தரையில் நிற்கிறது,
எஃகில் பாதி பிளந்த ஒரு வித்து.
பலகையில் அதன் பெயர் நான்கு மொழியில்.
தமிழில் மட்டும் 'முளைபபு'.
முதல் கடிதம் அந்தப் புள்ளிக்காக.
பதினான்கு மாதம் கழித்து ஏணியோடு வந்து
வைத்துவிட்டுப் போனார்கள்.
மற்ற ஆறும் தண்ணீருக்காக.

முதல் கூட்டத்தில் குளிர்.
சட்டைக்கு மேல் சட்டை போட்டு வந்திருந்தார்கள்
விஷயம் தெரிந்தவர்கள்.
என்னோடு சேர்ந்த புதியவர் இருவர்:
கட்டடக்கலைஞர் ரோஸ்னானி,
களிமண் காயாத நகங்களோடு தியோ வெய் லுன்.
எதிரே என் பெயரட்டை.
அதில் எல்லாப் புள்ளியும் இருந்தது, எண்ணிப் பார்த்தேன்.

"வித்தின் குழியில் நீர் தேங்குகிறது.
கொசு வருகிறது.
எங்கள் வரிசையில் மூவருக்கு டெங்கி."

துளை போடலாமா என்று நாற்பது நிமிடம்.
துளையிட்டால் அது அதே படைப்பா?
மழையைக் கலைஞர் எண்ணித்தான் செய்தாரோ?
மழையும் படைப்பின் பகுதி என்று ஒருவர் சொல்ல,
"புழுவுமா?" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
தியோ மட்டும் பிஸ்கட்டைப் பார்த்துக் குனிந்தார்.

"நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?"
தலைவர் கேட்டார்.
"சமையலறையிலிருந்து. பதினோராம் மாடி."

மேசை மேல் ஆறு படங்கள்.
ஆறும் தரையில் நின்று எடுத்தவை,
அண்ணாந்து.
கொஞ்ச நேரம் குளிர்சாதனம் மட்டும் பேசியது.

பினாங்கிலிருந்து சிற்பியின் பதில் ஒரே வரி:
துளை சரி, சுண்டுவிரல் பருமனுக்கு மேல் வேண்டாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.
பத்து நிமிடம்.
விழுந்த எஃகுத் தூளைக் காந்தத்தால் வாரிக்
காகிதத்தில் மடித்துக் கொண்டுபோனார்கள்.

அன்றிரவு நல்ல மழை.
இரண்டு மணிக்கு எழுந்து
ஜன்னலைத் தள்ளிப் பார்த்தேன்.
குழி வெறுமையாக, சுத்தமாக,
கழுவிக் கவிழ்க்க மறந்த கிண்ணம் மாதிரி.

நான் எழுதாமல் விட்டது இதுதான்:
அந்தத் தண்ணீரில்
சாங்கிக்கு இறங்கும் விமானங்கள்
விளக்கோடு நுழைந்து
மறு விளிம்பில் அணைந்து போகும்.
ஒன்பதாம் மாடிப் பையனின் இறகுப்பந்து
நான்கு நாள் அதில் மிதந்தது.
மைனா ஒன்று குடித்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொள்ளும், எஃகில்,
இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை.
இரவு வேலை முடிந்து வந்து
தூக்கம் பிடிக்காத நாட்களில்
நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை.
புகார்ப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொல்லவில்லை.
மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்தது உண்மை.
துளை சரி.

செப்டம்பர் கூட்டத்தில் ஐந்தாவது பொருள்,
செங்காங்கில் புதிதாக ஒன்று.
வரைபடம், மதிப்பீடு, எட்டுப் படங்கள்.
"மேலிருந்து ஒன்று இருக்கிறதா?" என்றேன்.
இல்லை என்று ரோஸ்னானி குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் போகிறோம்.
பன்னிரண்டாம் மாடியில்
யாராவது கதவைத் திறந்து
சமையலறை வரை விட வேண்டும்.
போக்குவரத்துச் செலவைக் கோரப் போவதில்லை.
ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் அவர்.