கோப்பின் பெயர்

மூன்று நாளாக
'ஆய்வறிக்கை இறுதி' என்றொரு கோப்பு
என் கணினியில் காலியாகக் கிடந்தது.
எழுதாத ஒன்றுக்கு
எப்படி வந்தது இறுதி?

சுவாமிதாஸ் சார் கண்ணாடிக் கதவைத் தட்டும்போதெல்லாம்
எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தேன்.
ஓரத்தை அரை அங்குலம் கூட்டினேன்.
தலைப்பு நடுவில். இல்லை, இடப்பக்கம்.
இரண்டு கட்டஞ்சாயா.
"இண்ணைக்கு வந்துருமில்லியா?"
"வந்துரும் சார்."
தாமதமான ரயிலைப் பற்றிப் பேசுவதுபோல.

'மேற்படி கடனாளியின் தேனீப் பெட்டிகள் பார்வையிடப்பட்டன.'
யார் பார்வையிட்டது?
நான்தான், செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பத்தரை மணிக்கு,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
அந்த வாக்கியத்தில் நான் இல்லை.
அதனால் அடுத்த வாக்கியத்துக்குப் போக
ஆளில்லை.

சாயங்காலம் குலசேகரம் பஸ்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
அரை மணி நேரம் அசையவில்லை.
மடியில் சோற்றுப் பாத்திரம், கையில் போன்.
புதுக் குறிப்பு திறந்தேன், பெயர் கேட்டது,
'சும்மா' என்று போட்டேன்.

சும்மாவுக்கு யார் கையெழுத்துக் கேட்பார்கள்?
சும்மாவில் பிழை இருக்கலாம்.

ஆற்றூரில் இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள்ளே நடந்தேன்.
நாற்பது பெட்டி, கடன் கொடுத்ததும் நாற்பதுக்கு.
எறும்பு ஏறாமலிருக்க
ஒவ்வொரு காலுக்கும் அடியில் சிரட்டைத் தண்ணீர்,
அன்று காலையில் மாற்றின தண்ணீர்.
தங்கலீலா ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார்.
முப்பத்தொன்றில்
போதும் என்றேன்.
பெட்டிகளில் தேனீ இல்லை.

இதுதானா?

சோம்பல், சோம்பல் என்று
மூன்று நாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
சோம்பல் அல்ல. மூன்றே சொல்.
அதை எழுதினால்
அவருடைய தவணை நீட்டிப்பு போய்விடும் என்ற பயம்
ஓரத்தை அரை அங்குலம் கூட்டிக்கொண்டிருந்தது.

எழுதின பிறகுதான் அடுத்தது வந்தது:
புழுவிலே நோய். கூடு கூடாகக் காலி.
தையில் ரப்பர் தளிர்க்கும் முன்
பத்துப் பெட்டிக்காவது ஈ சேர்த்துவிட்டால்
சித்திரையில் ஒரு தவணை கட்ட முடியும்.
காலிப் பெட்டிக்கும் தண்ணீர் மாற்றுகிறவர் கட்டுவார்.
கடைசி வரிக்கு விதியில் இடமுண்டா, தெரியாது.
ஆகவே என் பரிந்துரை

திருவட்டாறு. என் நிறுத்தம்.

பாதி வாக்கியத்தோடு மீன் வாங்கினேன்,
பாதி வாக்கியத்தோடு படுத்தேன்.
காலையில் நாற்காலியை இழுக்கும் முன்பே
மிச்சப் பாதி விரலுக்கு வந்திருந்தது.
சாயா ஆறிப்போனது பிறகுதான் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு
'சும்மா'வை எடுத்து 'இறுதி'க்குள் வைத்தேன்.
'பார்வையிடப்பட்டன' என்பதை
'பார்வையிட்டேன்' ஆக்கினேன்.

சார் இரண்டு தடவை வாசித்தார்.
அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு
பழையபடி மாற்றச் சொன்னார்.

மாற்றினேன்.
சிரட்டைத் தண்ணீர்
அப்படியே இருந்தது.