மூலப்பத்திரம்

வலங்கைமான் சார்பதிவாளர் ஆபீசுக்கு
நாலு வீடு தள்ளி என் வீடு.
பத்தொன்பது வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்,
அதில் பதினோரு வருஷம் இந்தக் கம்ப்யூட்டரில்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை
திரை முழுக்க நீலமாய் நோட்டீஸ்:
உங்கள் இயந்திரம் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது,
வேறு வாங்கிக்கொள்ளவும்.
கெடு தேதி போட்டு, மரியாதையாய்.
குத்தகைக்காரனைக் காலி பண்ணச் சொல்லும் வாசகம்
எனக்குத் தெரியாதா,
அதே மரியாதை.

காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று
அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தைத் தேடிப் படித்தேன்.
கிரயம் இல்லை. வெறும் அனுபோகம்.
எத்தனை பேரை, "படிச்சுப் பாத்துட்டு வைங்க" என்று சொல்லியே
படிக்க விடாமல் கட்டைவிரலைப் பிடித்திருக்கிறேன்.
நான் அழுத்திய சம்மதங்களுக்கு
மையும் இல்லை, சாட்சியும் இல்லை.

கூத்தாநல்லூர் ஜெசிமா ஒரு பென்டிரைவ் நீட்டினாள்.
"லினக்ஸுக்கா. சும்மாதான்."
சும்மா வருவதில் வில்லங்கம் பார்ப்பது தொழில்புத்தி.
"மூலப்பத்திரம் யார்கிட்ட இருக்கு?"
"மூலம் தொறந்தே கெடக்கு, யாரு வேணா பாக்கலாம்."
செங்குட்டுவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து
"மூலம் தொறந்துகிட்டா கும்மோணத்துல டாக்டர் இருக்காரு" என்றார்.
சிரித்து அடங்க நேரமானது.

ராத்திரி பதினொன்றரைக்கு அது கேட்டது:
பாகம் பிரிக்கவா,
இருப்பதை அழித்துவிட்டு முழுசும் எடுக்கவா?
ஐந்நூறு ஜிபி.
அண்ணன் தம்பிக்கு எத்தனை பாகப்பிரிவினை எழுதியிருப்பேன்,
கிணறு பொது, வண்டிப்பாதை பொது,
வேலியோரப் புளி ஆளுக்கு ஒரு வருஷம்.
எல்லாம் அடுத்த தையில் கோர்ட்டுக்குப் போனது.
முழுசும் என்று அழுத்தினேன்,
சுயநினைவுடன்,
யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கத்த, குடமுருட்டித் தவளைகள் பதிலுக்குக் கத்த,
இருட்டில் ஒரு கோடு மட்டும்
நடவாள் மாதிரி குனிந்தபடி நகர்ந்தது.
பேட்டரிக்கு ஒன்பது நிமிஷம்தான் உயிர்.
எட்டாவதில் விளக்கு வந்தது.

விடிந்து பழைய பத்திரங்களைத் திறந்தால்
தமிழைக் காணோம்.
அந்தக் காலத்து எழுத்துரு
பழைய வீட்டோடு போயிருந்தது.
இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியும்
நண்டு ஓடிய சேறாய்.
சந்திரகாசன் நிலத்தின் நான்கெல்லையும்
அதற்குள் எங்கோ.

பிரிண்டர் இன்னொரு பக்கம்.
இருபது ரூபாய் முத்திரைத்தாளில்
முதல் வரி அரை அங்குலம் மேலே ஏறி
சிங்கங்களின் தலையில் உட்கார்ந்தது.
ஜெசிமாவைப் போனில் திட்டினேன்.
"திட்டுங்கக்கா" என்றாள், "திட்டிட்டு மார்ஜினைப் பாருங்க."

மதியம் இதன் உரிமத்தையும் படித்தேன்.
ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம்,
பிறத்தியாருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம்.
*புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்* -
கை தானாய் எழுதும் வரி.
அர்த்தம் யாரும் கேட்டதில்லை,
நானும்.
கடைசியில் பெரிய எழுத்தில்:
எந்த உத்தரவாதமும் கிடையாது.
அதை மறைத்து விற்கிறவர்களுக்குத்தான்
இத்தனை நாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் சந்திரகாசன் குடையோடு வந்து நின்றார்.
"ஆச்சாம்மா?"
ஆகவில்லை. காகித நகலைப் பார்த்து
ஒவ்வோர் எழுத்தாய்த் தட்டிக்கொண்டிருந்தேன்,
வாய்விட்டுப் படித்தபடி,
நாலு பத்திரமாய் நகலெடுத்து ஒட்டிய அதே வரி:
பங்கு வாய்க்காலுக்குத் தெற்கு...

"வாய்க்கா அங்க இல்லியே" என்றார்.
"அது தள்ளிப்போயி ஏழு வருஷம் ஆச்சு."

அழித்தேன்.
புள்ளி விட்டு விட்டு மின்னியது.

"சொல்லுங்க.
இப்ப எங்க ஓடுது?"