தற்காப்பு

கணபதி, எட்டாவது வீதி.
வரைபடத்தில் இந்த உருப்படிக்குப் பெயர் இல்லை,
எண் மட்டும்.
உள்விட்டம் ஐம்பத்தெட்டு மில்லி;
கூடினாலும் குறைந்தாலும்
மில்லியில் நூறில் இரண்டு பங்குதான் மன்னிப்பு.

"எந்தப் பம்புக்குங் இது?" என்றேன் முதல் நாள்.
லேத்துக்காரர் தீத்தியப்பன்
எண்ணெய்த் துணியில் கை துடைத்தார்.
"பம்புக்கில்லீங் அம்மிணி. டிஃபன்ஸு."

என் வேலை கேஜ் போடுவது.
ஒரு முனை உள்ளே போக வேண்டும்,
மறுமுனை போகவே கூடாது.
சரியென்றால் பச்சை மை.
நேற்று நானூற்றுப் பன்னிரண்டு,
சிவப்பு மூன்று.

இரவு, அஞ்சல்வழிச் சட்டப் பாடம்.
சாசனத்தின் ஐம்பத்தோராவது உறுப்பு:
ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால்
தற்காத்துக்கொள்ளும் இயல்பான உரிமைக்குத் தடையில்லை,
பாதுகாப்பு மன்றம் தலையிடும்வரை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
'நேர்ந்தால்' என்பது நேர்ந்த பிறகா,
நேருமென்று பயந்த இரவிலேயேவா?
அடுத்த பக்கத்தில் இரண்டு நிபந்தனை.
தேவை. அளவு.
அளவு என்ற இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
இதற்குக் கேஜ்
எந்தப் பட்டறையில் கடைகிறார்கள்?

இன்று டீ நேரத்தில்
முருகாத்தாள் போனில் ஒரு தெரு.
பாதிச் சுவர், அதில் ஆணி,
ஆணியில் இன்னமும் ஒரு பள்ளிக்கூடப் பை.
"ஆருங்க்கா இப்பிடிப் பண்ணுனது?"
இரண்டு தரப்பும் தற்காப்பு என்றுதான் சொல்கிறார்கள் என்றேன்.
பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டே கேட்டாள்:
"ரெண்டு பேரும் தடுத்தாங்கன்னா
அடிச்சது ஆருங்க்கா?"
என் புத்தகத்தில் அறுநூறு பக்கம்.

எங்கள் ஊரில் கம்பம் நட்டுக்
காப்புக் கட்டியவர் எல்லை தாண்ட மாட்டார்.
போன பங்குனியில்
மேட்டுப்பாளையத்தில் சொந்தத் தங்கை செத்தும்
பெரியப்பா எல்லைக் கல்லோடு நின்று அழுதார்.
கட்டிவிடுவது பூசாரி.
கம்பம் கிணற்றுக்குப் போனபின் அவிழ்ப்பதும் அவரே.
தனக்குத் தானே கட்டிக்கொண்டு
அடுத்த ஊருக்குள் நடந்தவரை
நான் பார்த்ததில்லை.

மிச்ச உருப்படிகளில் ஒன்றை எடுத்து
முருகாத்தாள் விளையாட்டாக மணிக்கட்டில் ஏற்றினாள்.
"காப்பாட்டவே இருக்குது பாருங்க்கா."
ஏறியது. இறங்கவில்லை.
சோப்புத் தண்ணீர் ஊற்றி, எலும்பை அமுக்கி,
"அய்யோ மெல்ல" என்று அவள் பல்லைக் கடிக்க
கழற்றினேன்.

துடைத்து
மறுபடி கேஜ் போட்டேன்.
போக வேண்டிய முனை போனது,
போகக் கூடாதது போகவில்லை.

பச்சை வைத்தேன்.